ஒரு சைக்கிள் கூடுதல்

பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒரு பெடல் சுற்றுவதைப் பார்த்தேன்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற சாலை. மார்கழி மாதம். விடிந்துவிட்டது, ஆனால் சூரியனைக் காணோம். இரண்டு பக்கமும் வயல்களைப் பனி மூடியிருந்தது. பனைமரங்களின் தலைகள் மட்டும் உடம்பில்லாமல் மேலே நின்றன. பிக்கப்பை மெதுவாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் நாத்தனார் ஸ்டெல்லா துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டு தூங்கி வழிந்தாள். பின்னால், செங்கல்பட்டில் நாங்கள் ஏற்றிக் கட்டிய சைக்கிள்கள்.

காற்றில் சைக்கிள் சக்கரம் சுற்றும். அதில் அதிசயம் இல்லை. ஆனால் காற்றில் பெடல் சுற்றாது. யாராவது மிதித்தால்தான் சுற்றும்.

அது சுற்றியது. அவசரமில்லாமல், நேரத்துக்குப் போய்விடலாம் என்று தெரிந்தவர் மிதிப்பதுபோல.

“ஸ்டெல்லா, பின்னாடி பாருடி.”

அவள் திரும்பி, சீட்டுக்குப் பின்னால் இருக்கிற சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு துப்பட்டாவைக் காதிலிருந்து எடுத்தாள்.

“அண்ணி, வண்டிய ஓரங்கட்டு. அந்த சைக்கிளு நம்ம ஏத்துனது இல்ல.”

கட்டுவது எப்படி என்று கேட்டவருக்கு

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். பிக்கப்பில் சைக்கிளைக் கீறல் விழாமல் கட்டுவது எப்படி என்று ஒரு வாசகர் கேட்டிருப்பதாக, இதை எழுதச் சொன்ன இதழிலிருந்து சொன்னார்கள். அதைச் சொன்னால்தான் நாங்கள் ஏன் பயந்தோம் என்பதும் புரியும்.

மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில், பேக்கிங் பிரிவில் பல வருடம் இருந்தேன். கனமான இரும்பை மரப்பலகையில் வைத்து, அது கப்பலில் உருண்டாலும் அசையாதபடி இறுக்குவதுதான் வேலை. அந்தப் பிரிவை மூடியபோது என் வீட்டுக்காரர் ஒரு பழைய பிக்கப் வாங்கினார். கொஞ்ச நாளில் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. வண்டி என் கைக்கு வந்தது. படூர் அப்பார்ட்மெண்ட் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா, “அங்க லிஃப்டுல ஏறி எறங்குறதுக்கு பதிலா உன்கூட வண்டியில வரேன் அண்ணி” என்று சேர்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்காரர்கள் அப்போதுதான் எங்களுக்குப் பழக்கமானார்கள். எல்லாரும் கம்பெனிகளில் பெரிய வேலையில் இருப்பவர்கள். செங்கல்பட்டில் குடியிருப்பார்கள், ஆனால் கடலோரச் சாலையில் ஓட்டத்தான் ஆசை. அதனால் சைக்கிள் எங்கள் வண்டியில் போகும், அவர்கள் வேனில் வருவார்கள். “சைக்கிளுக்கே ஒரு வண்டியா?” என்று என் வீட்டுக்காரர் முதல் தடவை விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரிக்கிற வேலையில்லை அது. காகிதம் மாதிரி எடை, தொட்டால் கீறல். எங்கள் முறை இதுதான். முதல் சைக்கிளை முகம் முன்பக்கம் பார்க்க நிறுத்துவோம், அடுத்ததைப் பின்பக்கம் பார்க்க. அப்போது ஹேண்டில்பாரும் ஹேண்டில்பாரும் மோதாது. நடுவில் பழைய கம்பளி. ஒன்றின் பெடல் இன்னொன்றின் சக்கரக் கம்பிகளுக்குள் நுழையவே கூடாது. கயிறு போடுகிற இடம் இரண்டு: முன்சக்கரத்துக்கு மேலே கழுத்து, சீட்டுக்குக் கீழே தண்டு. சக்கரத்தில் கட்டினால் சக்கரம் உருளும், கட்டும் கூடவே உருளும். கடைசியாக, ஒவ்வொரு பிரேக் பிடியையும் அழுத்திப் பழைய டியூப் துண்டால் சுற்றிவிடுவோம். அதன் பிறகு அந்த சைக்கிள் சுவர் மாதிரி நிற்கும்.

ஸ்டெல்லா தன் பங்குக்கு ஒன்று சேர்த்தாள். தன் பழைய சிவப்பு சுடிதாரைக் கிழித்து, நாங்கள் ஏற்றுகிற ஒவ்வொரு சைக்கிளின் ஹேண்டிலிலும் ஒரு முடிச்சுப் போட்டுவிடுவாள். இறக்குகிற இடத்தில் வேறு ஆளின் சைக்கிளோடு கலந்துவிடக் கூடாது என்று.

ஆக, எங்கள் சைக்கிள் எதிலும் சக்கரம் சுற்ற வழியில்லை. எல்லாவற்றிலும் சிவப்புத் துணி இருக்கும்.

அந்தச் சைக்கிளில் துணி இல்லை.

கேரியரில் சூடு

இறங்கிப் பின்னால் போனோம். பனியில் எங்கள் செருப்புச் சத்தம்கூட பக்கத்தில் யாரோ நடப்பதுபோல் கேட்டது.

பழைய கறுப்பு சைக்கிள். ஆண்கள் ஓட்டுகிற உயரமான சைக்கிள். மற்றவற்றின் மேல் சாய்த்து, பின்சக்கரம் அந்தரத்தில் தூக்கி நிற்கும்படி வைத்திருந்தது. எங்கள் உபரிக் கயிற்றாலேயே பின்கதவோடு கட்டியிருந்தது. ஆனால் முடிச்சு எங்களுடையதில்லை. புடவை மூட்டை கட்டுகிறவர்கள் போடுகிற முடிச்சு அது.

பெடல் இன்னமும் சுற்றிக்கொண்டிருந்தது. வண்டி நின்று நாங்கள் இறங்கி வந்த பிறகும்.

நான் கையை நீட்டிப் பிடித்தேன். என்ன சொன்னாலும் நம்பமாட்டீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். அது என் உள்ளங்கையை ஒரு தரம் அழுத்தியது. உயிருள்ள கால் அழுத்துகிற அழுத்தம். பிறகு, காலை எடுத்துக்கொண்டதுபோல, விட்டுவிட்டது.

“இயேசுவே,” என்றாள் ஸ்டெல்லா. “யாரு அண்ணி ஏத்துனது? நாம எங்கயும் நிக்கவே இல்லியே.”

“டீ குடிக்க நின்னோமே.”

திருக்கழுக்குன்றத்தில் குளத்தை ஒட்டி வண்டியை நிறுத்திவிட்டு எதிரே இருந்த கடையில் டீ குடித்தோம். கடையிலிருந்து பார்த்தால் பனியில் வண்டியின் முகப்பு மட்டும் தெரிந்தது. ஒரு டீ குடிக்கிற நேரம்தான்.

செயின் கவரில் வெள்ளைப் பெயின்டால் பெயர் எழுதியிருந்தது: ஏழுமலை. கேரியரில் ஒரு துணிப்பை மாட்டியிருந்தது. ஸ்டெல்லா தொடமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டாள். நான்தான் திறந்தேன். உள்ளே எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

தொட்ட கையை வெடுக்கென்று எடுத்தேன். சுட்டது.

“கீழ எறக்கி வெச்சிட்டுப் போயிடலாம் அண்ணி. இது வேணாம், பேஜாரு.”

“சாப்பாடு சூடா கீது. அப்ப வெச்சவங்க பக்கத்துலதான் கீறாங்க. ரோட்டுல போட்டுட்டுப் போனா எப்படி?”

மாமல்லபுரத்தில் சைக்கிள்காரர்கள் காத்திருந்தார்கள். முதலில் அங்கே போய் அவர்களுடையதை இறக்கினோம். அவசரத்தில் ஸ்டெல்லா துணி முடிச்சுகளைப் பல்லாலேயே அவிழ்த்தாள். ஒருவர் பின்னால் எட்டிப் பார்த்து, “அட, அந்தப் பழைய ரோட்ஸ்டர் சைக்கிள் யாருது? அழகா இருக்கே!” என்றார். காலியான வண்டியில் அந்த ஒற்றைச் சைக்கிளோடு வந்த வழியே திரும்பினோம். திரும்பும்போது பெடல் சுற்றவில்லை. ஸ்டெல்லா ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மணியை உருட்டும்போதும் ஒரு தரம் பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

டீக்கடைக்காரர்

டீக்கடைக்காரர் வண்டியின் பின்பக்கம் வந்து பார்த்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இத்த எங்க புடிச்சீங்க?”

“நாங்க புடிக்கல அண்ணாத்த. உங்க கடையில டீ குடிக்கசொல்ல யாரோ ஏத்திட்டுகீறாங்க.”

“அமுதா தாம்மா. வேற யாரு.” குரலைத் தாழ்த்தினார். “ஏழுமலை மறைமலைநகருக்கு ஃபஸ்ட் ஷிப்டு போவாரு. சைக்கிள்ல வந்து மெயின் ரோட்டுல நிறுத்திட்டு கம்பெனி பஸ் ஏறுவாரு. ஒரு நாளு காத்தால இதே மாதிரி பனி. பஸ்ஸு வந்துச்சு, சைக்கிளு ஸ்டாண்டு போட்டு நின்னுகினு இருந்துச்சு, டிபன் பாக்ஸும் கீது. ஆளு இல்ல. அவ்ளோதான். வருஷம் ஆவுது. போலீசு, கொளம், கெணறு எல்லாம் பாத்தாச்சு.”

ஸ்டெல்லா என் முழங்கையைப் பிடித்தாள்.

“வீடு எங்க கீது?” என்றேன்.

அவர் ஒரு சந்தின் பக்கம் கையைக் காட்டினார். கூட வரவில்லை.

எங்கள் பக்கத்தில் இந்த ஊரை எல்லாருக்கும் தெரியும், கழுகு வந்த ஊர். கழுகு வருவது நின்றுபோய் எவ்வளவோ காலமாகிறது. ஆனாலும் உச்சி வேளையில் மலைமேல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். வராது என்று தெரிந்தவர்கள்தான். சின்ன வயதில் அப்பாவோடு இந்த வழியாகப் போகும்போது அவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அன்று அந்தச் சந்தில் நடந்தபோது சிரிப்பு வரவில்லை.

அமுதா

ஓட்டு வீடு. கதவு திறந்திருந்தது. வாசல்படியில் என்னைவிடச் சின்ன வயதுப் பெண் ஒருத்தி, கழுத்தில் தாலியோடு, ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். சந்து முனையில் எங்கள் வண்டியைப் பார்த்தாள். அவள் முகத்தில் திடுக்கிடல் எதுவும் இல்லை. களைப்புதான் இருந்தது.

“வந்துடுச்சா,” என்றாள்.

கோபப்படத்தான் போயிருந்தேன். அந்த ஒரு சொல்லில் எல்லாம் வடிந்துவிட்டது.

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். பேசும்போது எங்களைப் பார்க்கவில்லை, வாசலைத்தான் பார்த்தாள்.

“என் நாத்தனார் புள்ளைக்குக் குடுத்தேன் அக்கா. ஒரு வாரத்துல கொண்டாந்து வுட்டுட்டான். காத்தால அதுல ஏறுனா ரோட்டு முனையாண்ட தானா திரும்புதுன்றான். பழைய இரும்புக்காரருக்குப் போட்டேன். அவரும் கொண்டாந்து செவுத்துல சாச்சிட்டு, ஒண்ணியும் பேசாம போய்ட்டாரு. பஸ் ஸ்டாண்டுல வுட்டுட்டு வந்தேன். பேரு எழுதி கீதுல்ல, யாரோ நல்ல மனுசன் உருட்டிகினு வந்து குடுத்தாரு.”

“வூட்டுலயே இருந்தா இன்னா?” என்று ஸ்டெல்லா மெதுவாகக் கேட்டாள்.

“படுக்கறதுக்கு மின்னாடி செவுத்தப் பாத்து நிறுத்துவேன். எழுந்து பாத்தா தெருவப் பாத்து நிக்கும்.”

வீட்டில் வேறு யாரும் இல்லை. பூட்டு உள்பக்கம்தான். அதை அவளே சொன்னாள்.

“யாராச்சும் வந்து...” என்று ஆரம்பித்தேன்.

“நான்தான் திருப்பறனோ இன்னாவோ தெரியல அக்கா.” வலது கையை விரித்துக் காட்டினாள். சுத்தமான கை. “ஒரு நாளு எழுந்து பாக்கறேன், கையெல்லாம் செயின் மசை. தூக்கத்துல எழுந்து போறனா? போனா எதுக்குப் போறேன்? அவரு போவட்டும்னா, இல்ல வரட்டும்னா? எனக்கே தெரியல. அதான் பயமா கீது. அந்த சைக்கிளப் பாத்து இல்ல. என்னியப் பாத்து.”

வெளியே பனியில் பால்காரர் வண்டி போகிற சத்தம்.

அன்று விடியற்காலை கோலம் போட வெளியே வந்தபோது எங்கள் பிக்கப் நிற்பதைப் பார்த்திருக்கிறாள். நிறைய சைக்கிள். மாமல்லபுரம் போகிறோம் என்று நாங்கள் டீக்கடையில் பேசியது காதில் விழுந்திருக்கிறது. “இத்தினி சைக்கிளோட இதுவும் ஒரு சைக்கிளா போயிடும்னு நெனச்சேன்,” என்றாள். ஓடிப்போய் உருட்டிக்கொண்டு வந்து, பின்கதவைத் திறந்து, தானே ஏறி இழுத்துக் கட்டியிருக்கிறாள்.

“டிபன் பாக்ஸு?”

அவள் முதல் தடவையாக என்னைப் பார்த்தாள்.

“அப்பத்தான் ஆக்கி எறக்குனது. வேலைக்கு அனுப்பறேன்னு நெனச்சிகினாத்தான் கை வந்துச்சு அக்கா. வெறும் கையோட எப்படி அனுப்பறது?”

ஸ்டெல்லா எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். அவள் தோள் குலுங்குவது தெரிந்தது.

நோகாமல் ஒரு கட்டு

வண்டியில் இருந்த சைக்கிளை நாங்கள் இறக்கவில்லை. மாமல்லபுரத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு சைக்கிள் வாடகைக்கு விடுகிற நாகராஜ் எனக்குப் பழக்கம். அவரிடம் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அமுதா தலையாட்டினாள்.

ஆனால் அவள் போட்ட கட்டோடு கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. அவிழ்த்து, சைக்கிளை நேராக நிறுத்தி, முன்சக்கரத்தை வண்டியின் முன்சுவரில் அண்டக் கொடுத்தேன். கம்பளி வைத்தேன். பழைய மாடல் பிரேக், கம்பி பிரேக். இருந்தும் பிடியை அழுத்தி டியூப் சுற்றினேன். சீட்டுக்குக் கீழே கயிறு கொடுத்து மறுமுனையை நீட்டினேன். ஸ்டெல்லா வாங்க வந்தாள். அவளுக்கு முன்னால் அமுதா வாங்கிக்கொண்டாள்.

“நல்லா இறுக்கிக் கட்டு அக்கா,” என்றாள். “ஆனா நோவாம கட்டு.”

எத்தனையோ சரக்கு கட்டியிருக்கிறேன். அப்படி ஒரு கட்டு அதற்கு முன்னும் கட்டியதில்லை, பின்னும் கட்டியதில்லை. கயிறு இறுகும்போது சைக்கிள் மணி ஒரு தரம் லேசாக ஒலித்தது. ஹேண்டில் கயிற்றில் பட்டிருக்கும். மூன்று பேரும் அப்படியே நின்றோம். பிறகு அமுதா கடைசி முடிச்சைப் போட்டாள்.

டிபன் பாக்ஸை அவளிடம் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. “நீங்க சாப்டுங்க. காத்தாலேந்து ஒண்ணியும் சாப்டலியே.”

பூஞ்சேரி தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டோம். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல். ஸ்டெல்லா முதலில் மாட்டேன் என்றாள். பிறகு என் கையிலிருந்து ஒரு வாய் வாங்கினாள், பிறகு பாதியை அவளே சாப்பிட்டாள். அந்த ருசியைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை முழுசாகாது. அவ்வளவு கவனமாகச் சமைத்த சாப்பாடு அது.

நாகராஜ் கடை

நாகராஜிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் கொடுத்தேன். அவர் அசரவில்லை.

“இன்னா மேரியக்கா, திரும்பித் திரும்பி வருதா? வாடகை சைக்கிளுக்கு அதான வேணும்? என் சைக்கிளுங்க வராம போறதுதான் எனக்குக் கஷ்டம்.”

அப்படித்தான் ஆனது. வெளிநாட்டுக்காரர்கள் மற்ற சைக்கிள்களை விட்டுவிட்டு அந்தக் கறுப்பு சைக்கிளைத்தான் கேட்டார்கள். காலையில் போகும், சாயங்காலம் வரும். ஒருநாள்கூடப் பஞ்சர் இல்லை என்று நாகராஜ் பெருமைப்பட்டார். அமுதா வீட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் நானும் ஸ்டெல்லாவும் எட்டிப் பார்த்தோம். அவள் தூங்குகிறாளா என்று கேட்பேன். “தூங்கறேன் அக்கா,” என்பாள். கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டுதான் சொல்வாள்.

அடுத்த பனிக்காலத்தில் நாகராஜ் போன் செய்தார். அவர் குரல் எனக்கு அடையாளமே தெரியவில்லை.

“மேரியக்கா, அந்த சைக்கிளு போச்சு.”

கடை திறந்த நேரம். தெரு முழுக்கப் பனி. ஒரு ஆள் வந்திருக்கிறார். என்ன உடுத்தியிருந்தார், எந்த வயசு, ஒன்றும் சொல்லத் தெரியவில்லை நாகராஜுக்கு. வரிசையில் நின்ற சைக்கிள்களைப் பார்க்கக்கூட இல்லை, நேராகப் போய் அதை எடுத்திருக்கிறார். நாகராஜ் அடையாள அட்டை கேட்க வாயைத் திறப்பதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

“கேட்டிருக்கணும்ல? தெனமும் கேக்கறவன் நான். அன்னிக்கு வாய் வரல அக்கா. அவுரு சைக்கிள அவுரு எடுத்துனு போற மாதிரி இருந்துச்சு.”

கல்பாக்கம் பக்கம், தெற்கே போயிருக்கிறார். சாயங்காலம் வரவில்லை. மறுநாள் காலையிலும் வரவில்லை.

திருட்டுதான் என்று ஸ்டெல்லா இன்றைக்கும் சொல்கிறாள். கேட்காமல் பழைய சைக்கிளை எடுத்துப் போகிறவன் எந்த ஊரில் இல்லை? நானும் மறுப்பதில்லை.

தெற்கே

அமுதாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள். மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்துகொண்டு கடலோரச் சாலையில் தெற்கே போனோம். சவுக்குத் தோப்புகள், இறால் பண்ணைகள், பெட்டிக்கடைகள். கடைகடையாக நிறுத்திக் கேட்டோம். யாரும் பார்க்கவில்லை. சதுரங்கப்பட்டினத்தில் சாலையோரம் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா மட்டும் யோசித்தார்.

“நேத்து காத்தாலயா? ஆளப் பாக்கல கண்ணு. பனி. மணி அடிச்சிகினே ஒரு சைக்கிளு போச்சு. சந்தோசமா அடிச்சிகினு போச்சு.”

மேலே ஓட்டத் தயாராக நான் கியரைப் போட்டேன். அமுதா என் கையின் மேல் கையை வைத்தாள்.

“போதும் அக்கா. திரும்பிடலாம்.”

திரும்பும்போது அவள் நடுவில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். ஸ்டெல்லாவின் தோளில் தலை சாய்ந்தது. வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியபோதும் விழிக்கவில்லை. அவள் கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் அவளோடு ரேஷன் கடைக்குப் போனேன். கூட்டம். எடை போடுகிறவர் புதிதாக மாற்றலாகி வந்தவர். அட்டையைப் பார்த்துவிட்டு, “குடும்பத் தலைவர் ஏழுமலை எங்கம்மா? அவரு வரலியா?” என்று சத்தமாகக் கேட்டார். வரிசையில் இருந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி தரையைப் பார்த்தாள். செத்துவிட்டார் என்று அமுதா சொல்லமாட்டாள், இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். நான் குறுக்கே பேச வாயெடுத்தேன்.

அமுதா முந்திக்கொண்டாள்.

“தெக்கால போய்கீறாரு,” என்றாள் சாதாரணமாக. பிறகு அரிசிக்குப் பையை விரித்துப் பிடித்தாள்.